ஏழாம் பக்கத்தில் நான் விட்ட பத்தி

குடிநீர் வழங்கும் அரசு நிறுவனம் ஒன்றில் மீட்டர் பார்ப்பது என் வேலை. கேரளத்தின் தெற்கு எல்லையில், பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரைக்குமான எங்கள் தொழிற்சங்க யூனிட்டுக்குச் செயலாளராகவும் இருக்கிறேன். செயலாளர் என்றால் நோட்டீஸ் ஒட்டுவது, கூட்டத்துக்கு ஆள் கூப்பிடுவது, யாராவது இறந்தால் மலர்வளையம் ஏற்பாடு செய்வது. ஒரே ஒரு தடவைதான் என் வாயிலிருந்து வந்த சொல்லுக்கு எடை இருந்தது.

சம்பளத் திருத்தத்தைப் பல காலம் இழுத்தடித்த பிறகு நிர்வாகம் இறங்கி வந்து ஒரு உயர்வைச் சொன்னது. ஏற்றுக்கொள்வதா வேண்டாமா என்று உறுப்பினர்களிடம் ஓட்டுக் கேட்டுச் சொல்லும்படி சங்கம் யூனிட்டுகளுக்கு எழுதியது. நிபந்தனைகள் ஒன்பது பக்கம், அத்தனையும் அலுவலக மலையாளம். எங்கள் யூனிட்டில் பாதிப் பேர் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள். மலையாளம் பேசுவது அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு, ஆனால் இந்தமாதிரிக் காகிதம் என்றால் என் கையில் கொடுத்துவிட்டு, "நீ வாயிச்சுச் சொல்லு" என்பார்கள்.

ஏழாம் பக்கத்தில் ஒரு பத்தி இருந்தது. பம்ப் ஆபரேட்டர்கள் ஓய்வுபெற்றால் அந்த இடங்கள் இனி நிரப்பப்படமாட்டா, வேலை கான்ட்ராக்டரிடம் கொடுக்கப்படும். மாவட்டக் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து அதைப் பற்றிக் கேட்டேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே மலையாளத்தில் பதில் சொன்னார். அதையெல்லாம் பிறகு பேசிச் சரிசெய்யலாம், இப்போது கிளப்பினால் கிடைக்கிறதும் கிடைக்காமல் போகும், சம்பள விஷயத்தை மட்டும் விளக்கினால் போதும். மற்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் உட்கார்ந்துவிட்டேன். எனக்கும் அந்த உயர்வு வேண்டியிருந்தது.

ஒரு வாரம் ஸ்கூட்டரில் தகர டப்பாவையும் ஓட்டுச் சீட்டுகளையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு இடமாகப் போனேன். கடைசியாகப் போனது ஆற்றங்கரைப் பம்ப் ஹவுஸ்.

அங்கே இரண்டு பேர். ஒருவர் பழைய ஆபரேட்டர், எனக்கு அண்ணன் முறை வைத்துப் பேசிப் பழகியவர், ஓய்வுபெறச் சில மாதங்களே இருந்தன. மற்றவன் பொழியூர்க்காரன், தினக்கூலி, என்னை அக்கா என்பான். அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாததால் அம்மா அவனை வள்ளத்தில் ஏறவிட்டதில்லை. பதினொரு வருடமாக அந்த மோட்டார் சத்தத்தில்தான் இருந்தான். அண்ணனின் இடம் காலியானால் முன் அனுபவத்தைக் காட்டி அதில் நுழைந்துவிடலாம் என்பதுதான் அவனுடைய நம்பிக்கை. தினக்கூலிகளுக்குச் சங்கத்தில் ஓட்டுக் கிடையாது.

நான் காகிதத்தைப் பிரித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். அவன் வாசலில் குத்தவைத்து ஒரு வால்வைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான். ஆறாம் பக்கம் முடிந்ததும் எட்டாம் பக்கத்துக்குப் போனேன்.

அண்ணன் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "மக்கா, பணத்த விடு. நான் போனா இந்த வேல இவனுக்கு உண்டுல்லா?"

"உண்டு அண்ணே. பொறவு பரிசீலிப்பாங்க."

"அப்பிடி எழுதியிருக்கா?"

"எழுதியிருக்கு."

"பின்ன என்னத்துக்கு யோசிக்கணும்? பேனாவத் தா."

அவர் வாசல் பக்கம் திரும்பி, "எலே, கேட்டியா?" என்றார். அவன் தலைநிமிராமல் சிரித்தான்.

நாலைந்து பேர் தவிர எல்லோரும் ஏற்றுக்கொள்கிறோம் என்றே எழுதியிருந்தார்கள். மற்ற யூனிட்டுகளிலும் அப்படித்தான். உயர்வு வந்தது.

அண்ணனுக்கு நடந்த பிரிவு உபசாரத்தில் பொழியூர்க்காரன்தான் எல்லோருக்கும் பிரியாணி பரிமாறினான். அடுத்த மாதம் கான்ட்ராக்டர் தன்னுடைய ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினான். இனி வரவேண்டாம் என்று இவனிடம் சொன்னார்கள். அதைச் சொல்லும் காகிதம்கூட இல்லை, தினக்கூலிக்கு எதற்குக் காகிதம்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றபடியே பேசினார்.

"எனக்க மருமவன் அந்த ஒம்பது பக்கக் கடலாச முழுக்க வாயிச்சுச் சொன்னான். ஏழாம் பக்கம். நீ அன்னைக்கே இத அறிஞ்சிருந்தியா?"

பொய் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. "அறிஞ்சிருந்தேன் அண்ணே."

"எனக்க கைய வச்சே அவனுக்க சோத்துல மண்ணள்ளிப் போட்டியே, மக்கா." குரலை உயர்த்தவே இல்லை. குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த விடுமுறை நாளில் பொழியூருக்குப் போனேன். அவன் மச்சானுடைய வள்ளத்தில் போகத் தொடங்கியிருந்தான். கரையில் உட்கார்ந்து வலையில் சிக்கியிருந்த பாசியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். உள்ளங்கை இரண்டும் கயிறு அறுத்துப் புண்ணாகியிருந்தன. என்னைக் கண்டதும் எழுந்து, "அக்கா, இந்த வெயில்ல என்னத்துக்கு வந்திய?" என்றான்.

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். ஏழாம் பக்கத்தில் என்ன இருந்தது, அதை நான் எப்படித் தாண்டினேன் என்பதையெல்லாம். நான் முடித்த பிறகு சொன்னான்.

"அறியும் அக்கா. நீங்க வாறதுக்கு முந்தியே நான் வாயிச்சாச்சு. ஆபீசுக்கு லாக் புக் கொண்டு வந்தப்ப மேசையில கெடந்தது. நான் மலையாளம் படிச்சவனாக்கும்."

"பின்ன அன்னைக்கு ஏன் ஒண்ணும் சொல்லல்ல?"

"எனக்கு ஓட்டு இல்லியே. நான் வாயத் தொறந்தா அண்ணன் எனக்க பேரச் சொல்லி வேண்டாம்னு எழுதியிருப்பாரு. பொறவு சம்பளம் கூடாம அவருக்குப் பென்சன் கொறஞ்சா அவருக்க மொகத்துல நான் எப்பிடி முழிப்பேன்?"

குனிந்து மறுபடி பாசியைப் பிய்த்தான். பிறகு, என்னைப் பார்க்காமலே சொன்னான்: "ஆனா நீங்க உண்டுன்னு சொன்னப்ப ஒரு நிமிசம் நானும் நம்பிப்போட்டேன் அக்கா. எழுதுனது ஒண்ணு, உள்ளது வேறொண்ணா இருக்கும்னு."

கிளம்பத் திரும்பினேன். கரையோரத்து வீட்டு வாசலிலிருந்து அவனுடைய அம்மா காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். மகன் கடலுக்குப் போனால் திரும்பி வரும்வரை அவள் அடுப்புப் பற்றவைப்பதில்லை என்று பக்கத்தில் நின்ற மச்சான் சொன்னார். காப்பியை வாங்கிக் குடித்தேன்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் நடந்ததை எழுந்து சொன்னேன். ராஜினாமாக் கடிதத்தையும் வைத்தேன். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். பின்வரிசையிலிருந்து ஒருவர், "எல்லாவனும் வாங்கித் தின்னாச்சு, இப்பச் சொல்லி என்னத்துக்கு?" என்றார். செயலாளர் பொறுப்புக்கு வேறு யாராவது வருகிறீர்களா என்று தலைமை வகித்தவர் கேட்டார். ஒருவரும் வரவில்லை. கடிதத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார்கள்.

அண்ணனின் வீடு நான் மீட்டர் பார்க்கும் வழியில்தான் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கொருமுறை போயாகவேண்டும். மணியடித்தால் அவர்தான் வந்து கேட்டைத் திறப்பார். நான் உள்ளே வர வழிவிட்டு ஒதுங்கி நிற்பார். குறித்துக்கொண்டு நான் வெளியேறுகிறவரை ஒரு வார்த்தை பேசமாட்டார்.