வானத்தைப் பார்க்காமல் எழுதிய நேரம்

இன்று மில்லர்புரம் தையல் கடையில் காஜா எடுத்துக்கொண்டிருந்தபோது ஜெனிட்டா அக்கா போன் செய்தார்.

அக்கா கல்லூரியில் இரட்டை நட்சத்திரங்களை ஆராய்பவர். ஒன்றையொன்று சுற்றும் இரண்டில் ஒன்று மற்றதை மறைக்கும்போது வெளிச்சம் மங்கும். அந்த நேரத்தை எட்டுப் பேர் வெறுங்கண்ணால் பார்த்து, படிவத்தில் எழுதி அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். எப்போது மங்கும் என்று முன்பே கணக்கிட்ட அட்டவணையும் எங்களிடம் இருக்கிறது. எட்டுப் பேரில் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான் மட்டும்தான்.

"ஏளா, மத்த ஏழு பேரும் இந்தத் தடவ இருபது நிமிஷம் முந்தியே மங்கிட்டுன்னு சொல்லுதாங்க. நீ மட்டும் அட்டவணையில உள்ள நேரத்தையே சொல்லுத. நீ கவனமா பாக்குற பிள்ள. அவங்க எழுதினத அழிச்சிரட்டா?"

நட்சத்திரம் மங்க வேண்டிய அன்று இரவு தருவைகுளம் வீட்டுக்குத் திரும்பியதும் தூங்கிவிட்டேன். காலையில் அட்டவணையைப் பார்த்து எழுதி அனுப்பினேன்.

நேரம் முந்தினால் அந்த நட்சத்திரங்களின் சுற்றுப்பாதையே மாறுகிறது என்று அர்த்தம். அக்கா மூன்று வருடமாகத் தேடுவது அதைத்தான்.

"அழிக்காதீங்கக்கா. நான் பாக்கவே இல்ல. தூங்கிட்டேன்."



"கோட்டிக்காரி! தூங்கிட்டேன்னு எழுத வேண்டியதுதானளா? பாக்கலைங்கிறதுக்கும் படிவத்துல ஒரு கட்டம் இருக்குல்லா."

பிறகு மெதுவாகக் கேட்டார். "பழசெல்லாம் பாத்து எழுதினதுதான?"

"ஆமாக்கா."

சத்தியமாகப் பார்த்து எழுதியதுதான். ஆனால் சொல்லும்போது எனக்கே பொய் மாதிரி கேட்டது.

எல்லோரும் தப்பாக எழுதித்தான் மாட்டுவார்கள். அச்சு அசலாகச் சரியாக எழுதி மாட்டியவர்கள் இங்கே வேறு யாராவது இருக்கிறீர்களா?