நேற்றே போய் இறங்கப் புறப்பட்ட அகைட்டி

பசிபிக் கடலின் ராரோடோங்கா தீவு விமான நிலையத்தில் வந்து இறங்குகிறவர்களின் கழுத்தில் விழும் பூமாலைகளில் பாதி அகைட்டி கோர்த்தவை. இருபது வருடமாக அந்த வாசலே அவளுக்கு உலகம். வருகிறவர்களை நன்றாகத் தெரியும். போகிறவர்களைப் பற்றி அவள் கவலைப்பட்டதே இல்லை. சிக்கல் அங்கேதான் முளைத்தது.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் தம்பி டெய்னாவின் மகனுக்கு முடி வெட்டும் விசேஷம் சனிக்கிழமை என்று முடிவானது. ஆறு வருடமாக வளர்த்த முடி. கொத்துக் கொத்தாகப் பிரித்து ரிப்பன் கட்டி, சொந்தங்கள் ஆளுக்கொன்று வெட்டுவார்கள். முதல் கொத்து அத்தையுடையது. பிள்ளை இல்லாத அகைட்டிக்கு அந்தப் பையன்தான் பிள்ளை. அவன் பிறந்த அன்றே கத்தரிக்கோல் வாங்கி வைத்துவிட்டாள்.

டிக்கெட் போடும் டிவினி தலையைச் சொறிந்தான். "மூவாயிரம் கிலோமீட்டர், நாலு மணி நேரம்தான் அக்கா. ஆனா நடுக்கடல்ல தேதி மாறுற கோடு இருக்கு, நீ வியாழக்கிழமையே கிளம்பணும்."

"எனக்கே பாடம் எடுக்குறியா? சனிக்கிழமை ஏறினவன் வெள்ளிக்கிழமை இறங்குறதை இந்தக் கண்ணால பாக்குறேன். சனிக்கிழமைக்கே போடு. ஒரு நாள் முன்னாடியே போய், தூங்கி எழுந்து நிதானமா வெட்டுறேன்."

"அது இங்க வர்றவங்களுக்கு அக்கா. போறப்போ..."

"உன் அம்மாகிட்ட சொல்லட்டுமா?"

அவளோடு வாதாடி ஜெயித்தவர் தீவில் எவருமில்லை. டிவினி சனிக்கிழமைக்கே போட்டான்.

வெள்ளிக்கிழமை முழுவதும் போனை வீட்டிலேயே போட்டுவிட்டு மலையில் பூப் பறித்தாள். சனிக்கிழமை காலை, விமான நிலையத்திலிருந்து தம்பியைக் கூப்பிட்டாள்.

"கிளம்பிட்டேன்டா. நேத்தே வந்து இறங்கிடுவேன்."



"அக்கா, தேதிக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நாங்க ஒரு நாள் முன்னாடி. இங்க இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. நேத்துப் பூரா உனக்குப் போன் அடிச்சு அடிச்சு ஓய்ஞ்சுட்டோம். விசேஷம் முடிஞ்சிருச்சு."

அகைட்டி பூக்கூடைமேலேயே உட்கார்ந்துவிட்டாள். தன் வாய்தான் தன்னைக் கெடுத்தது என்று புரிந்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆறு வருட ஆசை.

"முதல் கொத்தை யாருடா வெட்டினா?"

"முதல் கொத்தை யாருமே வெட்டலை. எல்லாரும் ரெண்டாவதுலேருந்து ஆரம்பிச்சோம். ஒட்ட வெட்டின தலையில அது ஒண்ணு மட்டும் ரிப்பனோட ஆடிட்டு இருக்கு. இப்படி சர்ச்சுக்கு வரமாட்டேன்னு பையன் கட்டிலுக்கு அடியில போய் உக்காந்துட்டான். நீ வா மொதல்ல."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நேராக டிவினியிடம் போனாள்.

"டிவினி, நான் என்னைக்குடா போய் இறங்குவேன்?" என்று, வாழ்க்கையில் முதன்முறையாக, பதில் தெரியாமல் கேட்டாள்.