காட்டில் விட்டுவந்தவன்

அலுவலகத்தில் கரண்ட் போய் யூபிஎஸ் கத்தியதும் செம்மண்டலத்து வீட்டுக் கம்ப்யூட்டர் ஞாபகம் வந்தது. ஒன்பதாவது படித்து முடித்த லீவில் நான் விளையாடிய நீண்ட கேமில், ஒரு வீரன் ஊர் ஊராகப் போவான். இரண்டே மாதத்தில் சலித்துப்போய், அவனை நடுக்காட்டில் விட்டுவிட்டேன்.

பள்ளி திறந்து வெகுநாள் கழித்து, கேமை அழிக்கத் திறந்தேன். அவன் கடற்கரையில் நின்றான். அப்பா துபாயில் இருந்தார். பகலில் வீட்டில் அம்மா மட்டும்தான்.

“நீயாம்மா விளையாடுன?”

“தனியா நின்னுக்கினு இருந்தான்டி. தெனம் கொஞ்ச தூரம் நடக்க வெச்சேன்.”

சிரித்துக்கொண்டே அழித்தேன்.

மறுவாரம் ஒரு மதியம், அணைந்த திரைக்கு முன்னால் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

“என்னம்மா பாக்குற?”

“இன்னும் அங்கதான் நிக்கிறான்” என்றாள் மெதுவாக. “உன்னத்தான் பாக்குறான்.”

இன்றுவரை அணைந்த திரையை நான் நேராகப் பார்ப்பதில்லை.