படுத்தவனை உதைக்காத லீக்

அய்யாசாமியின் கைகளைப் பற்றி ரங்கூன் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டைக் கூலி லைன் வீடுகளில் கதை கதையாகச் சொல்வார்கள். அதில் பாதி புளுகு. கப்பலிலிருந்து தவறி விழுந்த அரிசி மூட்டையை ஒற்றைக் கையால் ஏந்தினான் என்பார்கள். ஏந்தியிருந்தால் ஆளே மிஞ்சியிருக்க மாட்டான். ஆனால் கப்பல் வின்ச்சின் கயிற்றில் ஆடி ஆடி இறங்கும் மூட்டைக் குவியலை, மற்றவர்கள் கூடிக் கூச்சல் போட்டுத் திணறும் இடத்தில், அவன் தனியாக நின்று இரண்டு உள்ளங்கையால் அமர்த்தி நிறுத்திவிடுவான் என்பது உண்மை. துறைமுக ஜெட்டியில் அவனுக்குச் சோறு போட்டது அந்த வேலைதான்.

ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தபோது அவனுக்கு மீசை அரும்பியிருக்கவில்லை. இங்கே வந்துதான் ஆளானான், தைலம்மாளைக் கட்டினான், இரண்டு பெண் பிள்ளைகளுக்குத் தகப்பன் ஆனான். பேச்சு குறைவு, கள்ளுக் கிடையாது, வம்புக்குப் போகமாட்டான். பந்து ஒன்றுதான் கிறுக்கு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ரயில் பாதைக்குப் பக்கத்துப் பொட்டலில் கோல் கம்பங்களுக்கு நடுவே நிற்பான். மூட்டையைப் பிடிக்கிற கை பந்தைப் பிடிக்காதா?

அந்தப் பொட்டலில் நடந்தது வெறுங்கால் லீக். ஜெட்டி ஆட்கள், இன்சீன் ரயில் பட்டறை ஆட்கள், ஆற்றுக்கு அக்கரையில் சிரியம் எண்ணெய்த் தொழிற்சாலை ஆட்கள் என்று பல அணிகள். யாருக்கும் பூட்ஸ் கிடையாது. வேறொரு லீக்கும் ஊரில் இருந்தது. அது துரைமார் லீக். அவர்களுக்கு வெட்டிவிட்ட புல், கூடாரம், பூட்ஸ், வருஷா வருஷம் வெள்ளிக் கோப்பை. இரண்டு லீக்கும் ஒரே ஊரில் ஒரே மழையில் ஆடின, ஒன்றை ஒன்று எட்டிப் பார்த்ததில்லை.

வெறுங்கால் லீக்கில் ஒரு பழக்கம் இருந்தது. கோல் கீப்பர் பந்தின் மேல் விழுந்துவிட்டால் பந்து செத்தது. எதிராளி காலை இழுத்துக்கொள்வான், வேகத்தில் நிற்க முடியாவிட்டால் தாண்டிக் குதிப்பான். படுத்தவன் எழுந்து தூசி தட்டி, பந்தை எடுத்து அடிக்கும் வரை எல்லோரும் காத்திருப்பார்கள். எந்தச் சட்டப் புத்தகத்திலும் அது இல்லை. கையை நம்பிப் பிழைக்கிறவர்கள் தங்களுக்குள் ஒரு பேச்சும் பேசாமல் வைத்துக்கொண்ட ஏற்பாடு. கை போனால் குடும்பம் போயிற்று என்று அங்கே ஒவ்வொருவனுக்கும் தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறில் மழை தொடங்குகிற நேரம், ஜவுளிக்கடை அப்துல் ரவூப் ஒரு யோசனையைக் கொண்டுவந்தார். வெறுங்கால் லீக்கை நடத்துகிறவர் அவர்தான். கடையும் ஆட்டமும் தவிர மூன்றாவது விஷயம் பேசத் தெரியாத நல்ல மனுஷர். இரண்டு லீக்கிலும் ஜெயித்த அணிகள் ஒன்றோடொன்று மோதினால் என்ன என்றார்.

“ரெண்டு லீக்கு, ரெண்டு கோப்பை. இதுல யாருப்பா நெசமாப் பெரியவன்?” என்று கூட்டம் போட்டுக் கேட்டார். “நம்மாளு எம்புட்டு நல்லா ஆடினாலும், கூலிக்காரப் பய ஆட்டம்தானேன்னு போயிடுறான். ஒரு தடவை மோதிப் பார்த்தா ஊருக்கே தெரிஞ்சுபோகும். அவங்களோடது மழையிலயும் தண்ணி நிக்காத மைதானம். கூட்டம் அள்ளும். துரைமாரும் நம்மள ஆளுன்னு பார்ப்பாங்க.”

ஜெட்டி மேஸ்திரி மாரிச்சாமிக்கு இது பிடிக்கவில்லை. வாயில் எப்போதும் வெற்றிலை அடக்கிக்கொண்டு, எதற்கும் முகத்தைச் சுளிக்கிற ஆள் அவர். அன்று அவர் சுளித்ததில் நியாயம் இருந்தது.

“இன்னிக்கு இங்க நாம ராசா, அங்க அவன் ராசா. சேர்ந்து ஆடினா ஒருத்தன்தான் ராசா, பாய். தோத்தவன் அப்புறம் எந்த மூஞ்சியோட வந்து ஆடுவான்? சரி, செயிச்சாத்தான் என்ன? துரையோட ஆடுறதுதான் ஆட்டம்னு ஆயிரும். இன்சீன்காரனும் சிரியத்துக்காரனும் மோதுறத ஒரு நாயும் எட்டிப் பார்க்காது. நம்ம லீக்கு நம்மளோட இருக்கட்டும்.”

இரண்டு பேரும் மாறி மாறி வாதாடினார்கள். பூட்ஸ் போடுவதா வெறுங்காலா, யார் மைதானம், யார் நடுவர், மழை பெய்தால் என்ன செய்வது என்றெல்லாம் அலசினார்கள். கோல் கீப்பர் படுத்தால் என்ன என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றினால்தானே! கீழே கிடக்கிற மனுஷனை உதைக்கக்கூடாது என்பதை யாராவது பேசி முடிவுசெய்வார்களா?

அய்யாசாமிக்கு உள்ளுக்குள் ஆசை கொதித்தது. இத்தனை வருஷம் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று கேட்டுக் கேட்டு, அது நிஜம்தானா என்று தெரிந்துகொள்ளத் துடித்தான். அந்த வருஷம் கோப்பை ஜெட்டி அணிக்குத்தான் வந்திருந்தது. கூட்டம் கையைத் தூக்கச் சொன்னபோது முதலில் தூக்கியவன் அவன்.

ஆட்டத்தன்று துரைமார் மைதானத்தில் மழை தூறிக்கொண்டிருந்தது. புல் வழுக்கியது. வெறுங்கால்காரர்கள் ஓடினார்கள், விழுந்தார்கள், எழுந்து மறுபடி விழுந்தார்கள். துரைகள் பூட்ஸ் ஊன்றி நின்று அடித்தார்கள். அத்தனை அடியும் அய்யாசாமியிடம் வந்து நின்றது. இடது மூலைக்குப் பாய்ந்தான், வலது மூலைக்குப் பாய்ந்தான், தலைக்கு மேலே போனதைத் தட்டிவிட்டான். கயிற்றுக்கு வெளியே நின்ற தமிழ்க் கூட்டம் தொண்டை கிழியக் கத்தியது. கூடாரத்துக்குள் உட்கார்ந்திருந்த துரைசானிகள்கூட எழுந்து நின்றார்கள். தன் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக அவன் இருந்ததில்லை.

இரண்டாம் பாதியில் பந்து ஈரத்தில் வழுக்கி அவன் காலடிக்கு வந்தது. எப்போதும் செய்வதைத்தான் செய்தான். அதன் மேல் விழுந்தான், இரண்டு கையாலும் அணைத்தான், தலையைக் கவிழ்த்தான், கண்ணை மூடினான். அவன் அறிந்தவரை ஆட்டம் அந்த இடத்தில் நின்றுவிட்டது.

ஓடிவந்த துரைக்கு ஆட்டம் நிற்கவில்லை. அவனுக்குப் பந்து தெரிந்தது, உதைத்தான். முதல் உதை வலது கையில் விழுந்தது. பந்து நழுவவில்லை என்று மறுபடி அதே இடத்தில் உதைத்தான். விரல்கள் முறிந்த சத்தம் பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்டது. பந்து உருண்டு உள்ளே போனது. நடுவர் விசில் ஊதி, கோல் என்று கை காட்டினார்.

ஜெட்டி ஆட்கள் நடுவரைச் சூழ்ந்துகொண்டு கத்தினார்கள். ரவூப் மைதானத்துக்குள் ஓடினார். பந்து கோல் கோட்டைத் தாண்டாமல் உயிரோடு இருக்கும்வரை உதைக்கலாம், தங்கள் லீக்கில் எப்போதும் நடப்பதுதான் என்றார்கள் துரைமார். அது உண்மையும்கூட. அவர்களுடைய கோல் கீப்பர் எவனும் பந்தின் மேல் கண்ணை மூடிக்கொண்டு படுப்பதில்லை. உதைத்த துரை பிறகு வந்து குனிந்து ஏதோ வருத்தமாகச் சொன்னான். அய்யாசாமிக்கு அந்தப் பாஷை புரியவில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். கட்டைப் பிரித்தபோது வலது கையின் நடுவிலுள்ள மூன்று விரல்களும் உள்பக்கமாக மடங்கியபடியே சேர்ந்துபோயிருந்தன. இனி நிமிராது என்று டாக்டர் சொன்னார். மேஸ்திரி மாரிச்சாமி சில நாள் கயிறு சுருட்டப் போட்டுப் பார்த்தார். அதுவும் முடியவில்லை. “என்னடா பண்ணச் சொல்ற என்னை?” என்று அவனிடமே கேட்டுவிட்டு, வேறு ஆளை எடுத்துக்கொண்டார். தைலம்மாள் அரிசி ஆலைக்குப் புடைக்கப் போனாள். தவிடு மூக்கில் ஏறி ராத்திரியெல்லாம் இருமுவாள். அவள் இருமும்போதெல்லாம் அய்யாசாமி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

மாரிச்சாமி சொன்னது மட்டும் பிசகாமல் நடந்தது. பொட்டலில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் கரைந்துபோயிற்று. துரை ஆட்டம் மறுபடி எப்போது என்பதே பேச்சு.

அடுத்த மழைக்கு முன்னால் துரைமார் லீக்கிலிருந்து அழைப்பு வந்தது. வருஷா வருஷம் ஆடலாம், சட்டம் பழையபடியே இருக்கும் என்று. ரவூப் மறுபடி கூட்டம் போட்டார். பலர் வேண்டாம் என்றார்கள். “போன வருசம் பட்டது போதாதா?” என்று மாரிச்சாமி எகிறினார். “அந்தா உக்காந்திருக்கானே, அவன்கிட்டக் கேளுங்க. அவன் ஆடலாம்னு சொன்னா நான் குறுக்க நிக்கல.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அய்யாசாமி எழுந்தான். வலது கையைத் துண்டுக்குள் மறைத்திருந்தான்.

“ஆடணும்,” என்றான்.

மாரிச்சாமி வெற்றிலையைத் துப்பிவிட்டு வெளியே போய்விட்டார். அவர் போனபிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கையைத் தூக்கினார்கள்.

தைலம்மாளுக்குச் செய்தி ஆலையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. தலையெல்லாம் தவிடாக வந்தவள் முகம்கூடக் கழுவவில்லை.

“நீங்களா சொன்னீங்க?”

“ஆமா.”

“ஏன்?”

அய்யாசாமி மனதில் உள்ளதை அப்படியே சொன்னான். “வேணாம்னு சொன்னா, ஒரே ஒரு தடவை ஆடினாங்க, ஒருத்தன் கை போச்சு, நிப்பாட்டிட்டாங்கன்னு முடிஞ்சிரும் தைலம். என் கை சும்மாப் போனதா ஆயிரும். வருசா வருசம் நடந்தா, மொதல்ல நின்னவன் இவன்னு பேராவது இருக்கும்ல?”

“உங்க கை சும்மாப் போகாம இருக்கணும்னா என் தம்பி கையும் போகணுமா?”

அவளுடைய தம்பி தங்கமணிதான் இப்போது ஜெட்டி அணியின் கோல் கீப்பர். அய்யாசாமிக்கு அது தெரியாதா என்ன? கூட்டத்தில் எழுந்து நின்ற நேரத்தில் அந்த நினைப்பே வரவில்லை. தன் கையைத் தவிர வேறெதுவும் அன்று அவன் கண்ணில் படவில்லை. எழுந்து வெளியே இறங்கி ரவூப்பின் கடைக்கு நடந்தான்.

ரவூப் கடையைச் சாத்திக்கொண்டிருந்தார்.

“நான் சொன்னத மறந்துருங்க பாய். வேணாம்.”

“இப்ப வந்து சொல்றியே, அய்யாசாமி! கையோட போய்த் துரைகிட்டச் சரின்னு சொல்லிட்டு வந்துட்டேன். அடிபட்டவனே ஆடச் சொல்றான்னுதான் சொன்னேன். ரொம்ப மெச்சினாரு.”

“படுத்தவன உதைக்கக் கூடாதுன்னாவது கேட்டீங்களா?”

“கேட்டேன். அப்படி ஒரு சட்டம் இல்லைன்னுட்டாங்க.” ரவூப் பூட்டைத் தொங்கவிட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “மத்தவங்க எல்லாம் உன் வாயைப் பார்த்துத்தான் ஒத்துக்கிட்டாங்க. இனிமே என்னால ஒண்ணும் செய்ய முடியாதுப்பா.”

திரும்புகிற வழியில் தங்கமணி எதிரே வந்தான். அவனுக்கும் செய்தி எட்டியிருந்தது. ஓடிவந்து அய்யாசாமியின் தோளைப் பிடித்துக்கொண்டான்.

“மச்சான், நீங்க சொல்லலேன்னா எனக்கு இந்த ஆட்டம் கிடைச்சிருக்காது. உங்க பேரைக் காப்பாத்துவேன் பாருங்க.”

“போகாதடா,” என்றான் அய்யாசாமி.

தங்கமணி சிரித்தான். மச்சான் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டான். “நீங்க மட்டும் போகலாமாக்கும்?” என்று சொல்லிவிட்டுக் கூட்டாளிகளைத் தேடிப் போய்விட்டான்.

வீட்டில் சோறு ஆக்கி இறக்கியிருந்தது. கை முறிந்த நாளிலிருந்து தைலம்மாள்தான் அவனுக்குப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் முன்னால் அவன் இடது கையால் உண்ணக் கூடாது என்று அவளே பிடிவாதமாகச் செய்துவந்தாள். அன்றைக்குத் தட்டில் சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, அவன் முன்னால் வைத்தாள். பிறகு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். அய்யாசாமி ரொம்ப நேரம் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். பசி பொறுக்காமல் இடது கையைச் சோற்றில் வைத்தான்.