தெரிந்தவளுக்கு எதற்குப் பள்ளிக்கூடம்

கரும்புச் சோகை கிழித்த கையில் வியர்வை இறங்கும்போது, தோலுக்கு அடியில் யாரோ முள்ளால் எழுதிப் பார்ப்பதுபோல் ஓர் எரிச்சல் எடுக்கும். விடுமுறை நாட்களில் மட்டும் கரும்புக் கொல்லைக்கு வேலைக்குப் போன எனக்கு அது கொஞ்சம் தெரியும். பூங்காவனம் அக்காவுக்கு முழுவதும் தெரியும். அந்த வித்தியாசத்துக்குக் காரணம் ஒரு சொல். "குதர்க்கம்."

அம்மா பள்ளிக்கூட வாசலை மிதித்தவளல்ல. ஆனாலும் பொய்யையும் குதர்க்கத்தையும் தனித்தனியாகப் பிரித்து வைத்திருந்தாள். பொய் சொன்னால் முதுகில் ஒன்று விழும். குதர்க்கம் பேசினாலோ, எங்கே பிடிப்பதென்று தெரியாமல் கொஞ்சநேரம் என்னையே பார்ப்பாள். கோமுகி ஆற்றுக்குப் போகாதே என்று சொல்லியிருப்பாள். நான் பாவாடை நனைந்து வந்து நிற்பேன். "ஆத்துக்கு எங்கம்மா போனேன்? அக்கரைக்குப் போனேன், ஆறு நடுவுல வந்துச்சு" என்பேன். "குதர்க்கம் பேசாதடி, வாய்ல சூடு வெச்சிருவேன்!" அப்பா சிரித்துவிடுவார். ஒவ்வொரு சொல்லும் மெய், போய்ச் சேருகிற இடம் மட்டும் பொய்: அம்மாவின் கணக்கில் குதர்க்கம் அதுதான்.

நான் நாலாவது, அக்கா ஏழாவது படித்த வருடம் தம்பி பிறந்தான். கரும்பு வெட்டு தொடங்கினால் அம்மாவும் அப்பாவும் விடியலிலேயே கிளம்பிவிடுவார்கள். கரும்புக் கொல்லையில் நிழலுக்கு மரம் ஏது? மாட்டு வண்டியின் அடியில் புடவையைத் தூளியாகக் கட்டிப் பிள்ளையைப் போடுவார்கள். பாரம் ஏறி வண்டி மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குக் கிளம்பும் முன் தூளியை அவிழ்த்து அடுத்த வண்டியில் கட்ட, எந்நேரமும் கூடவே ஓர் ஆள் வேண்டும். எங்களில் ஒருத்தி பள்ளிக்கூடத்தை விட வேண்டும்.

"யாருடி தம்பியப் பாத்துக்கினு இருக்கப் போறது?" என்றார் அப்பா.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். நான் பேசினேன். "அக்காதான் பஸ் போர்டெல்லாம் கடகடன்னு படிக்குதே. தெரிஞ்சவங்களுக்கு எதுக்குப்பா பள்ளிக்கூடம்? நான்தான் இன்னும் எழுத்துக் கூட்டிக்கினு இருக்கறேன்."

"பாரேன், இன்னா ஞாயமா பேசுது!" என்றார் அப்பா.

"அது ஞாயமில்ல, குதர்க்கம்" என்றாள் அம்மா.

"சரி, இன்னா தப்புன்னு நீ சொல்லேன்."

அம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. தப்பு இருக்கிறதென்று தெரிந்தது. எங்கே என்று தெரியவில்லை. கேட்டவர் காதிலும் நியாயம்போலவே விழுந்துவிடுகிற அந்தப் பேச்சை, நானும் அன்று நியாயம் என்றே நம்பினேன்.

அக்கா பள்ளிக்கூடத்தை விடுவது ஒரு பருவத்துக்கு மட்டும் என்றுதான் பேச்சு. அடுத்த பருவத்தில் தம்பி நடந்தான். அக்கா கையில் வெட்டுக்கத்தி இருந்தது.

இப்போது அந்த வண்டிகள் இல்லை, டிராக்டர்கள் ஓடுகின்றன. அம்மாவும் இல்லை. கூட்டங்களில் நான் பேசினால் கைதட்டுகிறார்கள். அந்தச் சொல்லால் என்னை அதட்ட ஆளில்லை. போன பொங்கலுக்கு அக்கா வீட்டில், அவள் பேரப்பிள்ளைகளுக்குக் கரும்பு நறுக்கிக்கொண்டிருந்தபோது, இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டேன். "அன்னிக்கு நீ ஏங்க்கா ஒண்ணுமே சொல்லல?"

அக்கா கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"அன்னிக்குத் தோணல. மூணாம் நாளு வண்டிக்கு அடியில குந்திக்கினு இருக்கும்போது தோணிச்சு, படிக்கத் தெரிஞ்சவளுக்குத்தானடி புஸ்தகம் வேணும்னு. ஓடியாந்து அப்பாகிட்ட சொல்லலாம்னு எழுந்தேன். வண்டி கெளம்பற நேரமாயிடுச்சு, தூளிய அவுக்க வேண்டியதாப் போச்சு."