புட்டில் குடைந்த கல்லறை

மகள் விரும்பிய பையனோடு அவனுடைய பெற்றோர் ஒரு ஞாயிறு காலை நோபல் பார்க்கில் உள்ள எங்கள் வீட்டுக்கு முதல் முறையாகச் சாப்பிட வந்தார்கள். அல்பேனியாவிலிருந்து வந்து பக்கத்து ஊரான டண்டினோங்கில் குடியேறியவர்கள். பையனின் தாய்க்குச் சம்மதம். தகப்பன் மட்டும் இன்னும் ஓம் சொல்லவில்லை.

"அவர் ஆரோடையும் பெரிசாக் கதைக்க மாட்டார், அப்பா. நீங்கள்தான் எப்படியாவது கதைக்க வைக்கோணும். ப்ளீஸ்" என்று மகள் கேட்டிருந்தாள்.

ஆயத்தமில்லாமல் நான் எதிலும் இறங்குவதில்லை. அவருடைய ஊர் செல்ட்சா என்று அறிந்து, அதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். பழைய இல்லிரிய மக்கள் அங்கே குன்றின் உச்சியில் மதில் கட்டி வாழ்ந்திருக்கிறார்கள். சரிவில் பாறையைக் குடைந்து அரசர்களுக்குக் கல்லறைகள் செய்திருக்கிறார்கள். தூணும் கேடயமும் தலைக்கவசமும் அந்தப் பாறையிலேயே செதுக்கியவை. பேசுவதற்கு இதைவிட என்ன வேண்டும் என்று மகிழ்ந்து, முதல் நாள் மனைவியிடம் சொன்னேன். குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"சம்பந்தம் பேச வாற சனத்திட்டக் கல்லறைக் கதையே? உங்களுக்கென்ன விசரே? அந்தச் சொல் நாளைக்கு உங்கட வாயில வரப்படாது, சொல்லிப்போட்டன்."

ஆகவே ஞாயிறன்று சாப்பாட்டு மேசையில் அவரிடம் வானிலையைப் பற்றிப் பேசினேன். தலையாட்டினார். ரயில் பாதை வேலையைப் பற்றிப் பேசினேன். அதற்கும் தலையாட்டினார். மகள் மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். தாய்மார் இருவரும் மீன் குழம்பில் எப்போதோ நெருங்கிவிட்டார்கள்.

கூம்பு வடிவ நீத்துப்பெட்டியில் அவித்த புட்டை உடைக்காமல் அப்படியே அவருடைய தட்டில் கவிழ்த்திருந்தாள் மனைவி. அவர் கரண்டியின் முதுகால் அந்தக் குன்றின் ஒரு பக்கத்தைத் தட்டையாக்கினார். பிறகு அதில் சின்னதாக ஒரு வாசல் குடைந்தார். வாசலின் இரண்டு பக்கமும் போஞ்சிக்காய்த் துண்டுகளைத் தூணாக நிறுத்தினார்.

"செல்ட்சா!" என்று கத்திவிட்டேன்.

கரண்டி கீழே விழுந்தது. எனக்கெப்படித் தெரியும் என்று ஆங்கிலத்தில் கேட்டார். கேடயம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று நான் கேட்டேன். அவ்வளவுதான், மனிதர் நிறுத்தவில்லை. மழை வந்தால் ஆடுகளோடு அதற்குள்தான் ஒதுங்குவாராம். அங்கே படுத்தவர்களில் அரசரைவிட ஆடுகள்தான் அதிகமாம். சொல்லிவிட்டு அவரே குலுங்கிச் சிரித்தார். அவருடைய மனைவி அல்பேனிய மொழியில் சீறினார். எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் அந்தத் தொனி எங்கள் குசினியில் கேட்டதுதான். கல்யாணப் பேச்சில் கல்லறையை எடுக்கக் கூடாதென்று தன் அம்மா வரும்போது காரிலேயே எச்சரித்திருந்தார் என்று பையன் சொன்னான்.

கல்யாணம் முடிந்ததும் என்னை அங்கே கூட்டிப்போவதாகத் தகப்பன் சொன்னார்.

"வெயிட், கல்யாணம் முடிஞ்சதும் எண்டா சொன்னவர்?" என்று மகள் எழுந்தே விட்டாள். அவர் அவளைப் பார்த்து, இந்த முறை பலமாகத் தலையாட்டினார்.

தட்டிலிருந்ததை உடைக்க அவருக்கு மனமில்லை. மனைவி இன்னொரு தட்டில் சுடச்சுடப் புட்டு கொண்டுவந்தாள்.

"ராசா படுத்திருக்கட்டும். இதை அவருக்குக் குடுங்கோ" என்றாள் என்னிடம்.