வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை

ஜெகபர் அலியின் குட்டியானையில், ஓட்டுநர் இருக்கைக்கு மேலே வெயில் மறைக்கும் தட்டியின் உட்பக்கம் இரண்டு தாள்கள் ஒட்டியிருக்கும். ஒன்று பள்ளிவாசலில் கொடுத்த தொழுகை நேர அட்டவணை. இன்னொன்று அவரே பால்பாயிண்ட் பேனாவால் எழுதியது. திங்கள் ஏழரை முதல் ஒன்பது. சனி ஒன்பது முதல் பத்தரை. வெள்ளி பத்தரை முதல் பன்னிரண்டு. இப்படி ஏழு நாளுக்கும் ராகு காலம்.

பதினொரு வருடம் ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் வண்டி ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர். வந்த பணத்தில் குட்டியானை வாங்கினார். காரைக்காலில் வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றி இறக்குவதுதான் தொழில். முதல் வருடம் ஒரு வீட்டின் முன்னால் சாமானோடு ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றார். ராகு காலம் என்றார்கள். நின்றதில் அவருக்கு வருத்தமில்லை, முன்பே சொல்லவில்லையே என்றுதான் வருத்தம். அன்று மாலையே ஒரு தினசரி காலண்டரைப் பார்த்து ஏழு நாளையும் எழுதி ஒட்டிவிட்டார். ஒரே வாரத்தில் தாளைப் பார்க்காமல் சொல்லத் தெரிந்துகொண்டார்.

இப்போது வண்டி வேண்டாதவர்களும் போன் செய்கிறார்கள்.

"பாய், நாளைக்கு ராகு காலம் எப்ப?"

"நாளைக்கு செவ்வாய்ங்க. மூணுலேருந்து நாலரை."

"சரிங்க பாய்." வைத்துவிடுவார்கள்.

அவர் மனைவி பத்ருன்னிசாவுக்கு இதில் ஒரு சிரிப்பு. "அல்லா கொடுத்தது அஞ்சு வேளை. என் மச்சானுக்கு மட்டும் ஆறாவதா ஒரு வேளை" என்பாள்.

"அது என் வேளை இல்ல புள்ள. சாமானோட வேளை."

காத்திருக்கும் நேரத்துக்கு அவர் கூலி கேட்பதில்லை. மற்ற வண்டிக்காரர்கள் மணிக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். "சும்மா நிக்கிறதுக்கு என்னத்த வாங்குறது" என்பது அலியின் கட்சி.

ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் விழிதியூர் சிவநாதன் வீட்டுச் சாமான்களை ஏற்றினார். சிவநாதனுக்கு அங்கே நிலம். மகள் தாமரைச்செல்வி கூட்டுறவு வங்கியில் எழுத்தர். தருமபுரம் பக்கம் புதிதாக எழுந்த ஒரு வளாகத்தில் மூன்றாவது மாடியில் வீடு வாங்கியிருந்தாள். கீழே கடைகள், முதல் மாடியில் ஒரு பல் மருத்துவர், அதற்கு மேல் வீடுகள். வாகனம் நிறுத்துமிடத்தைப் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு தனியார் கம்பெனி குத்தகைக்கு எடுத்திருந்தது.

ஒன்பதரைக்குப் போய்ச் சேர்வதாகத்தான் பேச்சு. கட்டிலைப் பிரிக்க முடியவில்லை. போல்ட்டுகள் துருப்பிடித்திருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றித் தட்டித் தட்டி எடுப்பதற்குள் மணி பத்தேகால். சிவநாதனின் மனைவி திரிபுரசுந்தரி பதறிப்போனார். ராகு காலத்தில் வீட்டைவிட்டுக் கிளம்பவும் கூடாது.

"நல்ல நேரத்துல கிளம்பிடுவோம் ஆச்சி. போயிச் சேர்றத நான் பாத்துக்கிறேன்" என்றார் அலி.

பத்து இருபத்தைந்துக்கு வண்டி வாசலைத் தாண்டியது. திரிபுரசுந்தரி முன்னிருக்கையில். மடியில் ஒரு நிறைகுடம், அதன்மேல் உப்பும் மஞ்சளும் வைத்த கிண்ணம். பின்னால் பீரோ, கட்டில் சட்டங்கள், குளிர்பதனப் பெட்டி, மூட்டைகள், கதிரவன் என்ற லோடுமேனும் அவன் கூட்டாளியும். சிவநாதன் மொபெட்டில் வந்தார். பத்து கிலோமீட்டர் தூரத்தை அலி ஐம்பத்தைந்து நிமிடத்தில் ஓட்டினார். ஒரு சைக்கிள்காரர் இரண்டு முறை முந்திப்போனார். நடுவில் கடையில் நிறுத்தியதில் கதிரவன் இரண்டு டீ குடித்தான். குடத்துத் தண்ணீர் ஒரு சொட்டு சிந்தவில்லை.

அவருக்கும் அன்று ஒரு கணக்கு இருந்தது. பன்னிரண்டுக்கு ராகு காலம் முடியும். பன்னிரண்டே முக்காலுக்கு ஜும்மாவுக்குப் பள்ளியில் இருக்க வேண்டும். நடுவில் நாற்பத்தைந்து நிமிடம். எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொண்டால்தான் முடியும். சாலையில் நிறுத்தினால் போலீஸ் விரட்டும். அதனால் பதினொன்று இருபதுக்கே வளாகத்துக்குள் கொண்டுபோய், மின்தூக்கிக்கு நேராக நிறுத்தினார்.

சுவரில் பலகை இருந்தது. சரக்கு இறக்க இருபது நிமிடம் இலவசம். மீறினால் ஆயிரம் ரூபாய்.

காவலாளி சிதம்பரநாதனுக்கு அறுபது வயதுக்கு மேல். மூடிய மில் ஒன்றில் வேலை பார்த்தவர். கழுத்தில் விசில். இருபதாவது நிமிடம் முடிந்ததும் ஊதினார்.

"எடுங்க பாய். வெளிய ஒரு சுத்து சுத்திட்டு பன்னெண்டுக்கு வாங்க."

அலி வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து திரிபுரசுந்தரி பேசினார்.

"ஏங்க, உப்பு மஞ்சளோட வாசல் வரைக்கும் வந்த வண்டியத் திருப்பச் சொல்றீங்களே. எம் பொண்ணு இந்த வீட்டுல குடியிருக்க வேணாமா?"

சிதம்பரநாதன் விசிலைக் கையில் பிடித்தபடி நின்றார். அவருக்கும் மகள் உண்டு. ஆனால் தூணில் கேமரா இருந்தது.

அலி அவரைப் பார்த்தார். குடத்தைப் பார்த்தார். பிறகு இறங்கிப் பின்பக்கம் போய்ச் சாமான்களைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார். ஏழு முடிச்சு. கயிற்றைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார்.

"கயிறு அவுத்தாச்சு. இனி நகத்தினா பீரோ சாஞ்சிரும்."

"ஏன் பாய் இப்படிப் பண்றீங்க? நான் எழுதலேன்னா என் சம்பளத்துல புடிப்பாங்க."

"எழுதுங்க. உங்க வேலைய நீங்க பாருங்க."

சிதம்பரநாதன் சீட்டை எழுதிக் கண்ணாடித் துடைப்பானுக்கு அடியில் செருகினார். அவசரமில்லாமல் நல்ல கையெழுத்தில் எழுதினார்.

பன்னிரண்டு இரண்டுக்குத் திரிபுரசுந்தரி வலது காலை வைத்து மின்தூக்கியில் ஏறினார். பின்னாலேயே அலியும் கதிரவனும் கூட்டாளியும் ஓடினார்கள். பன்னிரண்டு பத்தொன்பதுக்குக் கடைசி மூட்டையும் மேலே போய்விட்டது. அப்போதுதான் சிவநாதன் சீட்டைப் பார்த்தார். ஆயிரம் ரூபாயை எடுத்து நீட்டினார்.

"எங்களாலதான பாய். நான் கட்டிடுறேன்."

"நீங்க கட்டினா நான் தப்பு பண்ணினதா ஆயிடுங்க. வச்சிக்கிங்க."

அன்று பள்ளிவாசலில் கடைசி வரிசையில்தான் அவருக்கு இடம் கிடைத்தது. சட்டைத் தோளில் கயிற்றின் நார் ஒட்டியிருந்தது.

சீட்டின் பின்பக்கத்தை வீட்டில்தான் படித்தார். ஏழு நாளுக்குள் கட்டாவிட்டால் வண்டியின் எண் வாசல் பலகையில் எழுதப்படும். அதன்பின் அந்த வண்டி வளாகத்துக்குள் வரக்கூடாது. நாற்பத்தெட்டு வீடுகள், ஒன்பது கடைகள். அவருடைய பத்து நடையில் நான்கு அங்கேதான். கட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் சாமான் இறக்கியதற்கு அபராதம் கட்டியவன் என்று ஆகிவிடும். அது அவருக்கு முடியாது. கடைசி வரி, ஆட்சேபணை இருந்தால் எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என்றது.

எட்டாவது வரை படித்தவர். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எழுதினார். பத்ருன்னிசா எட்டிப் பார்த்தாள்.

"ராகு காலம்னு எழுதலியே மச்சான்?"

"எழுதினா அந்த ஆச்சியப் பத்திப் பிராது கொடுத்த மாதிரி ஆயிடும். நான் எழுதினா அது வேற மாதிரி இருக்கும் புள்ள."

அவள் யோசித்துவிட்டுச் சரி என்றாள்.

திங்கட்கிழமை காகிதத்தோடு போனார். ஏழு நாள் ஆகவில்லை, ஆனாலும் எண் பலகையில் ஏறியிருந்தது. கம்பெனியின் அவசரம். வளாக நிர்வாகத்தைப் பார்ப்பவள் சந்திரலேகா. முப்பத்தைந்து வயது இருக்கும். மேசையில் கணினி. பக்கத்தில் பாதி சாப்பிட்ட இட்லிப் பொட்டலம்.

"உக்காருங்க பாய்." காகிதத்தைப் படித்தாள். "'இறக்கியது பதினேழு நிமிடம்தான். அதற்கு முன் நின்றது உள்ளே செல்ல நேரம் ஆகாததால்.' புரியலியே. லிப்ட் வேலை செய்யலியா?"

"வேலை செஞ்சுதும்மா."

"சாவி வரலியா?"

"சாவி இருந்துச்சு."

"அப்புறம் என்ன நேரம்?"

அலி தயங்கினார். "வெள்ளிக்கிழமைம்மா. பதினொண்ணு இருபதுக்கு வந்தேன்."

சந்திரலேகா விரலை மேசையில் வைத்து எதையோ எண்ணினாள். "ஓ" என்றாள். இட்லிப் பொட்டலத்தை மூடிவைத்தாள்.

"பாய், இதுல காரணம்னு நாலுதான் இருக்கு. ஆஸ்பத்திரி அவசரம், லிப்ட் கோளாறு, வண்டி பழுது, இதர. இதரன்னு போட்டா பாண்டிலேருந்து நூறு கேள்வி கேப்பாங்க. வண்டி பழுதுன்னு போட்டா இப்பவே கேன்சல். போட்டுடவா?"

"வேணாம்மா."

"ஏன்?"

"வண்டிக்கு ஒண்ணும் இல்லியே. ஆறு வருசமா ஒரு நாள் வழியில நின்னது கிடையாது. அதும்மேல பழி போடலாமா?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கேலி செய்கிறாரோ என்று சந்தேகம். இல்லை.

"சரி, கேமராவப் பாப்போம்."

திரையில் குட்டியானை சத்தமில்லாமல் வந்து நின்றது. கதிரவன் கொட்டாவி விட்டான். சிதம்பரநாதன் வந்தார். அலி இறங்கினார். முடிச்சுகளை அவிழ்த்தார். சந்திரலேகா படத்தை அங்கே நிறுத்தினாள்.

"விசில் ஊதினதுக்கு அப்புறம்தானே அவுக்கிறீங்க. பன்னெண்டு மணிக்கு இறக்கப்போற சாமானுக்கு இப்ப எதுக்கு அவுக்கணும்? இறக்கவா, நிக்கவா?"

அலி திரையில் தன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்படி ஒரு முறையும் பார்த்ததில்லை. சட்டை இடுப்பில் கிழிந்திருந்தது.

"நிக்கத்தாம்மா" என்றார். "அவுத்த வண்டிய யாரும் நகத்தச் சொல்ல மாட்டாங்க. தெரிஞ்சுதான் அவுத்தேன்."

சந்திரலேகாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு படத்தை ஓட்டினாள். பன்னிரண்டு இரண்டு. மூன்று பேர் ஓடினார்கள், வந்தார்கள், ஓடினார்கள். பீரோ மிதந்து போனது. பன்னிரண்டு பத்தொன்பது. ஒரு மூட்டையோடு சிவநாதனும் ஓடினார், செருப்பு கழன்றது.

"பதினேழு நிமிஷத்துல ஒரு வீடா! எங்க அத்தை வீடு மாத்தினப்ப ஒரு நாள் முழுக்க இறக்கினாங்க."

"ஜும்மா இருந்துச்சும்மா."

"இப்ப நான் என்ன பண்றது பாய்?"

அவர் காகிதத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "பலகையில சரக்கு இறக்க இருபது நிமிசம்னு இருக்கு. நான் பதினேழுல இறக்கிட்டேன். அதுக்கு அபராதம் கட்ட மாட்டேன். நின்னது வேற. நின்னேன். இங்க சும்மா நிக்கிற வண்டிக்கு என்ன வாங்குறீங்க?"

"லோடு வண்டிக்கு மணிக்கு முப்பது ரூபா."

"நான் நின்னது?"

அவள் கணக்கிட்டாள். "நாப்பத்திரண்டு நிமிஷம்."

அலி சட்டைப்பையிலிருந்து மூன்று பத்து ரூபாய்த் தாள்களை எடுத்து மேசையில் வைத்தார். "நின்னதுக்கு இது."

சந்திரலேகா 'இதர' என்பதைத் தேர்ந்தெடுத்தாள். நெடுநேரம் தட்டச்சு செய்தாள். பாண்டிச்சேரியிலிருந்து போன் வந்தது. "ஆமா சார். இல்ல சார். இறக்கினது டைமுக்குள்ளதான் சார். மத்ததுக்கு பார்க்கிங் வாங்கிட்டேன். ரூல்ல எங்க சார் அப்படி இருக்கு? பலகையப் போட்டோ எடுத்து அனுப்பறேன், நீங்களே படிங்க." வைத்துவிட்டு ரசீதைக் கிழித்துக் கொடுத்தாள்.

"ரத்து பண்ணியாச்சு. அடுத்த தடவை வெளிய நில்லுங்க பாய்."

"போலீசு விரட்டுவாங்களேம்மா."

"வாசலுக்கு வலப்பக்கம் வேலிகிட்ட நிறுத்துங்க. அது வளாகத்து இடம், கேமரா கிடையாது. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

வாசலில் சிதம்பரநாதன் பலகையிலிருந்த எண்ணை ஈரத்துணியால் துடைத்தார். நீல மை முழுவதும் போகவில்லை. எச்சில் தொட்டுக் கட்டைவிரலால் தேய்த்தார். "கோவம் இல்லியே பாய்?"

"உங்க கையெழுத்து நல்லா இருக்கு" என்றார் அலி.

வீட்டில் பத்ருன்னிசா கேட்டாள், "ஜெயிச்சீங்களா?"

"இறக்கினதுக்கு ஜெயிச்சேன். நின்னதுக்குக் கட்டினேன்."

அவள் ரசீதை வாங்கிப் பார்த்தாள். "ஊர்ல எல்லாரும் நிக்கிறதுக்குக் காசு வாங்குறாங்க. நீங்க கொடுத்துட்டு வாங்க." சொல்லிவிட்டு மீன் குழம்பை ஊற்றினாள். பெரிய துண்டாகத்தான் போட்டாள். ரசீதை அவர் வண்டியில் இரண்டு தாள்களுக்கும் நடுவில் செருகிவைத்தார்.

அந்த வியாழக்கிழமை திரிபுரசுந்தரி போன் செய்தார். விழிதியூரில் விட்டுப்போன கிரைண்டர் ஒன்று இருந்தது. வியாழன், ஒன்றரை முதல் மூன்று. அவர் சொல்லவேண்டியிருக்கவில்லை. அலி ஒன்றேகாலுக்கு ஏற்றினார். காலி சாலை. வழியில் டீக்கு நிறுத்தி, எவ்வளவு மெதுவாக ஓட்டியும் இரண்டு முப்பத்தைந்துக்கே வளாகம் வந்துவிட்டது. வாசலுக்கு வலப்பக்கம் வேலி ஓரமாக நிறுத்தினார். கயிற்றைத் தொடவில்லை.

சிதம்பரநாதன் கூண்டிலிருந்து எட்டிப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உள்ளே போய் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்து வண்டியின் நிழலில் போட்டார்.

"உக்காருங்க பாய்" என்றார். "இன்னும் இருபத்து மூணு நிமிஷம் இருக்கு."